கிரூனர் ஃபெல்ட்லினர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் முக்கியமான வெள்ளைத் திராட்சை ரகம் இது. இதன் ஒயின் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது, குளிரவைப்பது, எந்த உணவோடு குடிப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது ஆகியவற்றைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

இந்தத் திராட்சை எங்கே விளைகிறது?

ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு ரகம்தான். 14,000 ஹெக்டேருக்கு மேல். பெரும்பகுதி நாட்டின் வடகிழக்கில், கீழ் ஆஸ்திரியா மாநிலத்தில் இருக்கிறது. டான்யூப் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் ஒட்டி வாஹாவ், கிரெம்ஸ்டால், காம்ப்டால், டிரைசென்டால், வாக்ராம் ஆகிய பகுதிகள். அவற்றுக்கு வடக்கே செக் எல்லைவரை பரந்து கிடப்பது வைன்ஃபியர்டல். நாட்டின் கிரூனரில் கிட்டத்தட்ட பாதி அங்கேதான் விளைகிறது. வியன்னா நகர எல்லைக்குள்ளேயும் கிரூனர் தோட்டங்கள் உண்டு.

எல்லை தாண்டினால் செக் குடியரசின் மொராவியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, இத்தாலியின் தென் டிரோல். இன்னும் தள்ளிப்போனால் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஹில்ஸ், நியூசிலாந்தின் மார்ல்பரோ. ஆனால் முதல் பாட்டில் ஆஸ்திரியாவுடையதாக இருக்கட்டும். மற்ற இடங்களில் நல்லவை இருந்தாலும், இந்த ரகத்தின் எல்லா வகைகளும் ஒரே நாட்டில் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

பூர்வீகம் என்ன?

ஒரு பக்கம் டிரமினர். ஐரோப்பாவின் பழைய ரகங்களில் ஒன்று, சவான்யேன் என்றும் சொல்வார்கள். மறுபக்கம் யார் என்பது வெகுநாள் தெரியாமல் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் பர்கன்லாந்து மாநிலத்தில், ஐசென்ஸ்டட் நகரை ஒட்டிய சாங்க்ட் கியோர்கன் என்ற ஊரில், கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரே ஒரு முதிய கொடி அகப்பட்டது. மரபணுச் சோதனையில் அந்த ரகமே கிரூனரின் மற்றொரு பெற்றோர் என்று தெரியவந்தது. சோதனையைச் செய்தது க்ளோஸ்டர்நாய்பர்க்கில் 1860-இல் தொடங்கிய திராட்சை வளர்ப்புக் கல்லூரி. 2011-இல் யாரோ அந்தக் கொடியை வெட்டிச் சிதைத்தார்கள். ஆனாலும் அது மறுபடி துளிர்த்தது.

ரோட்டர் ஃபெல்ட்லினர், ஃப்ரூரோட்டர் ஃபெல்ட்லினர் என்று வேறு ரகங்களும் உண்டு. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் கிரூனருக்கும் அவற்றுக்கும் உறவில்லை.

பழைய ரகம் என்றால், ஏன் சமீப காலத்தில்தான் பெயர் அடிபடுகிறது?

இரண்டாம் உலகப்போருக்கு முன் இது பல ரகங்களில் ஒன்றாகவே இருந்தது. 1950-களில் லென்ஸ் மோசர் என்ற ஆஸ்திரியர் பரப்பிய முறை அதை மாற்றியது. வரிசைகளுக்கு இடையே 3 மீட்டருக்கு மேல் இடைவெளி, தண்டு ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரம். டிராக்டர் உள்ளே போகலாம், ஆள் குனிய வேண்டாம். இந்த முறைக்கு நன்றாக ஒத்துவந்த ரகம் கிரூனர். நிறையக் காய்த்தது, பரப்பு ஏறியது. கூடவே தண்ணீராக ஓடும் மலிவான ஒயினும் பெருகியது.

பிறகு 1985. சில வணிகர்கள் ஒயினுக்கு இனிப்பும் கனமும் கூட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருளைக் கலந்தது அம்பலமானது. ஏற்றுமதி அடியோடு விழுந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் கடுமையான ஒயின் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த தலைமுறைத் தயாரிப்பாளர்கள் விளைச்சலைக் குறைத்து, இனிப்பில்லாத சுத்தமான ஒயின் பக்கம் திரும்பினார்கள். 2002-இல் லண்டனில் ஜான்சிஸ் ராபின்சன், டிம் அட்கின் உள்ளிட்ட ஒயின் விமர்சகர்கள் லேபிளை மறைத்துச் சுவைத்துப் பார்த்தபோது, விலையுயர்ந்த பிரெஞ்சு பர்கண்டி வெள்ளை ஒயின்களைத் தாண்டி ஆஸ்திரியக் கிரூனர்கள் முன்வரிசைக்கு வந்தன. வெளிநாட்டு உணவகங்களின் பட்டியல்களில் பெயர் ஏறியது அதற்குப் பிறகுதான்.

“டிரை” என்றால் சர்க்கரையே இல்லையா?

சிறிதளவு இருக்கலாம். லேபிளில் ‘ட்ரோக்கன்’ (ஜெர்மனில் ‘டிரை’, அதாவது இனிப்பில்லாதது) என்றிருந்தால் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை. புளிப்பு அதிகமுள்ள ஒயினில் 9 கிராம் வரை அனுமதி. ஆனால் சர்க்கரையின் அளவு அமிலத்தின் அளவைவிட 2 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. உதாரணமாக, 7 கிராம் சர்க்கரை உள்ள ஒயினில் குறைந்தது 5 கிராம் அமிலம் இருக்க வேண்டும். நாக்கில் இனிப்பு தெரியாது, உருண்டு திரண்ட உணர்வு மட்டும் வரும். கடைக்கு வரும் கிரூனரில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் இருப்பவை.

மிளகு வாசம் வரும் என்கிறார்களே, உண்மையா? எனக்குத் தெரியவே இல்லை.

உண்மைதான். உங்களுக்குத் தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. அந்த வாசத்துக்குப் பெயர் ரோட்டன்டோன். மிளகின் வாசத்துக்கு முக்கியக் காரணமான அதே சேர்மம். 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தினர் ஷிராஸ் திராட்சையிலும் மிளகிலும் இதை அடையாளம் கண்டார்கள். பிறகு கிரூனரிலும் அளந்து காட்டப்பட்டது. அதற்கு முன்பே வேதியியலாளர்களுக்கு இது அறிமுகம், கோரைக்கிழங்கிலிருந்து. நாட்டு மருந்துக்கடையில் விற்கும் அதே கிழங்குதான்.

லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்கு எட்டும். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் எட்டாது, பிறவியிலேயே அப்படி. அது உங்கள் குறையும் அல்ல, பாட்டிலின் குறையும் அல்ல. தவிர, இந்தச் சேர்மம் பழத்தோலில்தான் இருக்கிறது. குளிர்ந்த ஆண்டிலும் நிழலான சரிவிலும் கூடுகிறது, வெயில் ஏறிய ஆண்டில் குறைகிறது. மிளகை எதிர்பார்த்து வாங்குபவர்கள் வைன்ஃபியர்டலில் தொடங்கலாம்.

மிளகு தவிர பச்சை ஆப்பிள், பேரிக்காய், எலுமிச்சை, பச்சைப் பட்டாணி, முள்ளங்கி வாசங்களும் வரும். நன்றாகப் பழுத்ததில் மாதுளம்பழ ரகப் புளிப்பைத் தேடாதீர்கள். அதில் தேனும் பீச்சும்தான் முன்னால் நிற்கும்.

லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஆல்கஹால் சதவீதம். இந்த ரகத்தில் தயாரிப்பாளரின் பெயரைவிட அந்த ஒரு எண் அதிகம் சொல்லும். 11.5% கிரூனரும் 14% கிரூனரும் ஒரே திராட்சைதான் என்று கண்ணை மூடிக் குடித்தால் நம்ப முடியாது. உணவுப் பொருத்தமும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

வாஹாவ் பகுதியில் இதற்கே மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1983-இல் தொடங்கிய வினியா வாஹாவ் என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் ஏற்பாடு அது. ஷ்டைன்ஃபேடர்: 11.5% வரை, மிக இலேசு. ஃபேடர்ஷ்பீல்: 11.5 முதல் 12.5% வரை. ஸ்மராக்ட்: 12.5%-இலிருந்து மேலே, நடைமுறையில் 13, 14 வரை போகும். மூன்றாவதற்குப் பெயர் கொடுத்தது கல் மதில்களில் வெயில் காயும் பச்சைப் பல்லி.

பகுதியின் பெயரோடு டி.ஏ.சி. என்ற மூன்றெழுத்தும் இருக்கும். அந்த ஊருக்குரிய ஒயின் இதுதான் என்ற சட்டப்படியான முத்திரை. 2002 அறுவடையில் முதலில் அதைப் பெற்றது வைன்ஃபியர்டல். அந்தப் பெயரில் வரும் வெள்ளை கிரூனராக மட்டுமே இருக்க முடியும். சாதாரணத்தில் குறைந்தது 12%, ‘ரிசர்வ்’ என்றிருந்தால் குறைந்தது 13%. ‘ரீட்’ என்ற சொல்லுக்குப் பின் வருவது தனித் தோட்டத்தின் பெயர்: ரீட் ஆக்லைட்டன், ரீட் லாம் என்பதுபோல. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மூடியின் மேல் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அரசுச் சோதனையில் தேறிய தரமான ஒயின் என்பதற்கு அடையாளம் அது. திருகு மூடி மலிவின் அடையாளம் அல்ல. ஆஸ்திரியாவில் நல்ல தயாரிப்பாளர்களே திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள்.

தோட்டத்தில் எது இந்த ரகத்தைக் கெடுக்கும்?

அதிகக் காய்ப்பு. விட்டால் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும் ரகம். கிளை கழிக்காமல் விட்டால் ஒயினில் மிளகும் இராது, பழமும் இராது; புளிப்புத் தண்ணீர் மிஞ்சும். நல்ல தோட்டங்களில் கோடையில் பச்சைக் கொத்துகளை வெட்டித் தள்ளுவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வறட்சி. கிரூனருக்கு வேரடியில் ஈரம் வேண்டும். அதனால்தான் டான்யூப் ஓரத்தில் ரீஸ்லிங் என்ற மற்றொரு வெள்ளை ரகத்தை மேல்சரிவின் ‘நைஸ்’ (gneiss) என்ற கடினப் பாறையிலும் கிரூனரைக் கீழே லோயஸ் மண்ணிலும் நடுகிறார்கள். லோயஸ் என்பது பனியூழிக் காலத்தில் காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான மண். சுண்ணாம்புச் சத்தும் ஈரம் பிடிக்கும் தன்மையும் கொண்டது. பாறையில் வளர்ந்த கிரூனர் ஒடுங்கி, கூர்மையாக, உப்புக்கரிப்பின் சாயலோடு வரும். லோயஸில் வளர்ந்தது அகலமாக, மெத்தென்று இருக்கும். அடிச்சாம்பல் நோயும் வசந்தகாலப் பின்பனியும் மற்ற தொல்லைகள்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

வழக்கமான முறை எளியது. பறித்த பழத்தைக் காம்பு நீக்கி நசுக்கி, தோலோடு சில மணி நேரம் ஊறவைத்துப் பிழிகிறார்கள். சாற்றை ஓரிரவு தெளியவிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் 16 முதல் 20 டிகிரி செல்சியஸில் நொதிக்க விடுகிறார்கள். அந்தத் தோல் ஊறலில்தான் கத்திமேல் நடப்பு. கிரூனரின் தோலில் துவர்ப்பு அதிகம். நேரம் கூடினாலோ பிழியும்போது அழுத்தம் கூடினாலோ தொண்டையில் கசப்பு நிற்கும். குறைத்தால் வாசம் இறங்காது.

கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்கும் இரண்டாம் நொதிப்பைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். புளிப்புத்தான் இந்த ஒயினின் முதுகெலும்பு. கனமான வகைகளைப் பெரிய பழைய மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வண்டலோடு வைப்பதுண்டு. புதிய சிறிய ஓக் பீப்பாய் போட்டவற்றில் வெனிலா வாசம் மிளகை அமுக்கிவிடுகிறது. நமக்கு அது வீண் செலவாகப் படுகிறது.

எவ்வளவு குளிரில் பரிமாறுவது?

12.5% வரை உள்ளவை 8 முதல் 10 டிகிரி. அதற்கு மேல் கனமானவை 10 முதல் 12. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஏறக்குறைய 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் வாசம் அடங்கிப்போய்ப் புளிப்பு மட்டும் தெரியும். இலேசானதைப் பத்து நிமிடம், கனமானதைக் கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துத் திறக்கலாம். அவசரமாகக் குளிரவைக்க, பாதி ஐஸ் பாதி தண்ணீர் உள்ள வாளியில் கழுத்துவரை இருபது நிமிடம் போதும். வெறும் ஐஸில் வைத்தால் இடைவெளிக் காற்றினால் தாமதமாகும்.

இளம் ஸ்மராக்டைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அரைமணி வைத்தால் வாசம் திறந்துகொள்ளும். இலேசானதற்கு அது தேவையில்லை.

எந்த உணவோடு சேரும்?

அதன் சொந்த ஊர்ச் சமையலிலிருந்தே தொடங்கலாம். வீனர் ஷ்னிட்சல்: கன்றிறைச்சியைச் சில மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் பூசி, உருக்கிய வெண்ணெயிலோ பன்றிக்கொழுப்பிலோ பொரித்தது. மேலே எலுமிச்சை பிழிவார்கள். எண்ணெய்ப் பசையை வெட்ட ஒயினில் புளிப்பு வேண்டும். ஆனால் மெல்லிய இறைச்சியை அமுக்காத இலேசும் வேண்டும். ஃபேடர்ஷ்பீல் அல்லது 12% வைன்ஃபியர்டல் சரியாக உட்காரும். பொரித்த கோழிக்கும், டிரௌட், ஸாண்டர் போன்ற ஆற்றுமீனுக்கும் அதே கணக்கு.

டாஃபல்ஷ்பிட்ஸ் என்ற வேகவைத்த மாட்டிறைச்சியை ஆப்பிளோடு துருவிய குதிரைமுள்ளங்கி வைத்துப் பரிமாறுவார்கள். சிவப்பு ஒயின் அந்தக் காட்டத்தில் திணறும், 12.5 முதல் 13% கிரூனர் தாங்கும். காளான் சாஸ், வறுத்த பன்றி, நவம்பர் மாதத்து வாத்து வறுவல், முதிர்ந்த மலைப் பாலாடைக்கட்டி இவற்றுக்கு ஸ்மராக்ட் அல்லது ரிசர்வ். இதே கனத்தை சாலட்டோடு வைத்தால் ஆல்கஹால் மட்டுமே தெரியும்.

சாலட்டில் வினிகர் கூடினால் எந்தக் கிரூனரும் சப்பென்றாகிவிடும். ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு எண்ணெய் என்று தணித்துக்கொள்ளுங்கள். சூஷிக்கும் வியட்நாமியப் பச்சிலை உருளைகளுக்கும் ஷ்டைன்ஃபேடர் அளவு இலேசானது நன்றாகப் போகும். தக்காளி சாஸ் சேராது. கேக், ஐஸ்கிரீம் எதற்கும் ஒத்துவராது. இனிப்புக்கு முன்னால் டிரை ஒயின் கசக்கும்.

ஆஸ்பராகஸுக்கு இதைத்தான் சொல்கிறார்களே, ஏன்?

ஆஸ்பராகஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பல ஒயின்களை உலோகம்போல, அழுகிய கீரைபோல ஆக்கிவிடும். ஓக், துவர்ப்பு இரண்டும் அதைக் கூட்டும். பெரும்பாலான கிரூனரில் ஓக் வாசம் கிடையாது. பச்சைக் காய்கறி வாசம் தானாகவே இருக்கிறது. வியன்னாவுக்குக் கிழக்கே மார்ஷ்ஃபெல்ட் சமவெளியில் ஏப்ரலிலிருந்து ஜூன்வரை வெள்ளை ஆஸ்பராகஸ் பருவம். அப்போது உணவகங்களில் வெண்ணெயும் ரொட்டித்தூளும் போட்ட ஆஸ்பராகஸோடு முந்தைய அறுவடையின் இளம் கிரூனர்தான் மேசைக்கு வரும். ஆர்டிசோக்கில் சிக்கல் வேறு: அதிலுள்ள ‘சைனரின்’ என்ற சேர்மம் அடுத்த வாய் எதையும் இனிக்கச் செய்யும். புளிப்பு தூக்கலான கிரூனர் அதையும் ஓரளவு சமாளிக்கும்.

நம் சாப்பாட்டோடு குடிக்கலாமா?

சிலவற்றோடு. மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாக உள்ள எண்ணெய் வறுவல்கள் நல்ல ஜோடி: இறால் மிளகு வறுவல், நெத்திலி, மிளகுக் கோழி. தேங்காய்ப்பால் சொதிக்கும் ஒத்துவரும். மிளகாய்க் காரம் ஏறினால் ஆல்கஹால் அந்த எரிச்சலைப் பெருக்கும், 12%-ஐத் தாண்டாதீர்கள். புளிக்குழம்பும் மீன்குழம்பும் வேண்டாம். ஒயினைவிடப் புளித்த உணவின் முன்னால் ஒயின் தண்ணீராகிவிடும். ரசத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ரசத்தை ரசமாகவே குடியுங்கள்.

வியன்னாவில் சோடா கலந்து குடிக்கிறார்களாமே?

ஆமாம், ‘க்ஷ்பிரிட்ஸ்டர்’ என்று பெயர். 125 மில்லி இளம் ஒயின், 125 மில்லி குளிர்ந்த சோடா. விலையுயர்ந்ததை இதற்கு எடுக்க வேண்டாம். ‘ஹொய்ரிகர்’ என்ற தோட்டத்துக் குடிசாலைகளில் இது சர்வ சாதாரணம். தோட்டக்காரர் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம் என்று 1784-இல் பேரரசர் இரண்டாம் யோசேஃப் பிறப்பித்த ஆணையின் வழியாக வந்தவை அவை. வாசலில் ஊசியிலைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள்.

எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

இலேசானவற்றை அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். ரிசர்வ், ஸ்மராக்ட் நல்ல வருடத்தில் பத்து ஆண்டுக்கு மேலும் போகும். மிளகு அடங்கி, தேன், வறுத்த கொட்டை வாசம் வரும். அதற்கு 12 முதல் 14 டிகிரி, இருட்டு, அதிர்வில்லாத இடம் தேவை. சென்னை வீட்டு அலமாரியில் ஒரு கோடையிலேயே பழம் செத்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே நல்லது.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இலேசானது இரண்டு மூன்று நாள், கனமானது நான்கைந்து நாள்.

பாட்டில் கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடியில் கண்ணாடித்தூள் போன்ற படிகம் இருந்தால் பயப்பட வேண்டாம். டார்டாரிக் அமில உப்பு, தீங்கில்லை. ஊற்றும்போது சிறு குமிழிகள் வருவதும் இயல்பு, நொதிப்பில் தங்கிய கரியமில வாயு. தீக்குச்சி அல்லது அவித்த முட்டை வாசம் வந்தால் ஜாடியில் மாற்றி அரைமணி பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். ஈரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டது, எவ்வளவு நேரமானாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள். இளம் ஒயின் பழுப்பேறி, வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள்போல மணந்தால் காற்று புகுந்திருக்கிறது. கார்க் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வழியில் சூடு பட்டது. அதை வாங்கவே வேண்டாம்.

சைவர்கள் குடிக்கலாமா?

பாட்டிலைப் பொறுத்தது. தெளியவைக்க பென்டோனைட் களிமண் போட்டிருந்தால் சிக்கல் இல்லை. மீன் நெட்டி (மீனின் காற்றுப்பை), ஜெலட்டின், முட்டை வெள்ளை, பால் கேசின் பயன்படுத்துவோரும் உண்டு. முட்டையோ பாலோ மிச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். மீன் நெட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ‘வீகன்’ முத்திரை உள்ளதை எடுப்பதே நிச்சயம்.

ஒரு கோப்பையில் எவ்வளவு ஆல்கஹால்?

12.5% ஒயின் 125 மில்லியில் ஏறக்குறைய 12 கிராம். முழு பாட்டிலில் 74 கிராம். 14% என்றால் பாட்டிலுக்கு 83. வண்டி ஓட்டுவோருக்கு இந்தியாவில் சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். ஆஸ்திரியாவில் பொதுவாக லிட்டருக்கு அரை கிராம். ஒரே கோப்பையில் இந்திய வரம்பைத் தொட்டுவிட முடியும். கர்ப்பிணிகளுக்கு எந்த அளவும் பாதுகாப்பானதல்ல.